குழலி கேட்டது

திருச்சி சிவில் கோர்ட்டில் மட்டுவார்குழலி என்றால் வக்கீல்களுக்கு ஒரு மரியாதை. இருபத்தாறு வருஷமாகச் சுருக்கெழுத்தர். சாட்சி முணுமுணுத்தாலும், விசும்பினாலும், வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பேசினாலும் அவள் நோட்டில் ஒரு சொல் விடுபடாது.

அந்தக் குழலிக்கு இரண்டு பக்கமும் செவி நரம்பில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. இடது காது ஏற்கெனவே ஓய்ந்துவிட்டது. வலது பக்கத்துக் கட்டி மூளையை நெருக்க ஆரம்பித்திருந்தது. எடுத்தால் உயிர் நிற்கும், செவி நிற்காது என்றார் டாக்டர். நாற்பது நாள் தள்ளி ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் கோர்ட் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறிப் பொன்மலைக்குப் போனாள்.

ரயில்வே காலனியை ஒட்டி, சந்தைத் திடலுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. அங்கே ஹில்டா இருந்தாள். முப்பத்தாறு வயது. ரெக்கார்டு ப்ளேயர், ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பது தொழில். கூடத்தின் நான்கு சுவரிலும் இசைத்தட்டுகள், நாலாயிரத்துக்குக் குறையாது. பெங்களூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவளிடம் சந்தேகம் கேட்டுப் போவார்கள். கேட்டதற்குப் பாதி நேரம் அவள் பதில் சொல்ல மாட்டாள். ஒரு தட்டை எடுத்துப் போடுவாள்.

"என்ன ரிப்பேர்?" என்றாள் ஹில்டா, வந்தவளின் கை வெறுங்கையாக இருப்பதைப் பார்த்து.

"காதுதான்" என்றாள் குழலி.

ஹில்டா சிரிக்கவில்லை. "உங்களை எங்கயோ பாத்திருக்கேன்."

"கோர்ட்டுல. மூணு வருஷம் இருக்கும். அண்ணன் தம்பி ரெண்டு பேர், அப்பா விட்டுட்டுப் போன இசைத்தட்டையெல்லாம் பாகம் பிரிக்கச் சொல்லிக் கேஸ் போட்டாங்க. எது என்ன வகைன்னு நீங்க சாட்சி சொன்னீங்க. நான் எழுதினேன்."

குழலி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வாசித்தாள். "ராக் அண்ட் ரோல். சர்ஃப். கராஜ். சைக்கெடெலிக். ஹார்ட் ராக். ப்ராக்ரஸிவ். பங்க். ஹெவி மெட்டல். சினிமா சவுண்ட் ட்ராக். மொத்தம் ஒன்பது."

"ஆமா."

"நீங்க சொன்ன சத்தத்தை வச்சு எழுதிட்டேன். உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. எல்லாம் கிட்டாரும் டிரம்ஸும்தானே, எதுக்கு இத்தனை பேருன்னு ஜட்ஜ் கேட்டார். காதால கேட்டாத்தான் விளங்கும்னு சொன்னீங்க. கோர்ட்டுல பாட்டுப் போட முடியாதும்மான்னு அவர் சொல்லிட்டார்."

"ஞாபகம் இருக்கு."

"எனக்கு இன்னும் முப்பத்தொன்பது நாள் காது இருக்கு. அதுக்கப்புறம் இல்ல. இந்த ஒன்பதையும் கேக்கணும்."

ஹில்டா கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

"வீட்டுல யார் இருக்காங்க?"

"வீட்டுக்காரர். பொண்ணு ஓசூர்ல."

"அந்த முப்பத்தொன்பது நாளும் அவங்க பேச்சைக் கேக்கலாமே?"

"அவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். இனியும் கேப்பேன், காலையிலயும் சாப்பாட்டு நேரத்துலயும். இதை நான் ஒரு நாளும் கேட்டதில்ல. நான் எழுதின சொல்லு என்னன்னே தெரியாம காதை மூடிட்டுப் போக மாட்டேன்."

ஹில்டா எழுந்து ஸ்பீக்கருக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டாள். கொஞ்சம் யோசித்து, குழலியின் வலது காது முன்னே வரும்படி அதைத் திருப்பி வைத்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க அக்கா."

அன்றிலிருந்து ஹில்டா குரு, குழலி சிஷ்யை. இருவரும் அந்தச் சொல்லை வாயால் சொன்னதில்லை. சிஷ்யை கோர்ட்டுப் பழக்கத்தில் குருவை மேடம் என்றாள். குரு சிஷ்யையை அக்கா என்றாள்.

முதல் நாள் ஹில்டா பெயர் சொல்லாமல் ஒரு பாட்டைப் போட்டாள். மூன்று நிமிஷம். குழலியின் பென்சில் ஓடியது. டிரம்ஸுக்குத் தடித்த கோடு. கிட்டாருக்கு மெல்லிய கோடு. சிம்பல் என்ற பித்தளைத் தாளம் தட்டினால் ஒரு புள்ளி.

"இதுக்கு என்ன பேர் மேடம்?"

"நாளைக்கு."

மறுநாளும் அதே பாட்டு. மூன்றாம் நாளும் அதே பாட்டு.

"நாள் போகுது மேடம்."

"இன்னைக்கு என்ன கேட்டுச்சு?"

"முதல் நாள் எழுதினதுதான். ஒரு புள்ளி மாறல."

"நோட்டை மூடிட்டுக் கேளுங்க."

குழலி மூடினாள். பாட்டு பாதி போனதும் அவள் நெற்றி சுருங்கியது. "அடியில யாரோ நடந்து போறாங்க. மாடி வீட்டுல நடக்கற மாதிரி."

"அது பேஸ் கிட்டார். மூணு நாளா நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

குழலிக்குக் காது சூடேறியது. இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் யாரும் இது விட்டுப்போச்சு என்று சொன்னதில்லை.

"ராக் அண்ட் ரோல்" என்றாள் ஹில்டா.

குழலி முதல் சொல்லுக்கு எதிரே டிக் அடித்தாள்.

அதன்பிறகு ஒரு சாயங்காலம் தவறவில்லை. ஆறு மணிக்கு வருவாள், எட்டு மணிக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சாப்பாட்டு டப்பாவோடு வந்துவிடுவாள். சர்ஃப் கேட்டு, தண்ணீர் தெறிக்கிறது என்றாள். கராஜ் கேட்டு, பாட்டை நன்றாகத் தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே மேடை ஏறிவிட்டவர்கள் என்றாள். சைக்கெடெலிக் அவளுக்குக் காய்ச்சலில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்ப்பது போலிருந்தது. ஹார்ட் ராக் போட்டபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். நின்றபடியே முழுதும் கேட்டாள்.

பங்க் அவளுக்குப் பிடிபடவில்லை.

"யார் மேல மேடம் இவ்வளவு கோபம்?"

"நீங்கதானே கோர்ட்டுல இருக்கீங்க. கேட்டுச் சொல்லுங்க."

இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்து வாசலிலேயே சொன்னாள்: "பிரதிவாதின்னு யாருமே இல்ல மேடம். எல்லாரும் வாதி."

அன்றைக்குத்தான் ஹில்டா முதல்முறையாகச் சிரித்தாள்.

ஒரு நாள் சினிமா சவுண்ட் ட்ராக் வந்தது. பாட்டு எதுவும் இல்லை, வெறும் பின்னணி இசை. நிறைய வயலின்கள், ஓர் ஒற்றைக் கிட்டார், எங்கிருந்தோ ஒரு மேளம்.

"என்ன படம் மேடம்?"

"படம் வரல. எடுக்கவும் இல்ல. முதல்ல இசையைப் பதிவு பண்ணிட்டாங்க, அப்புறம் தயாரிப்பாளர் கைய விரிச்சுட்டார். இந்தத் தட்டு மட்டும் மிச்சம்."

குழலிக்கு மனசு கேட்கவில்லை. "யாரும் பாக்காத காட்சிக்கு எதுக்கு இந்த நாப்பது பேரும் இப்படி வாசிச்சாங்க?"

"அன்னைக்கு ரெக்கார்டிங் இருந்துச்சு. வந்தாங்க, வாசிச்சாங்க."

குழலி அந்தப் பதிலை நோட்டில் எழுதிக்கொண்டாள். ஏழு சொல்லுக்கு டிக் விழுந்திருந்தது.

இருபத்துமூன்றாம் நாள் சனிக்கிழமை டாக்டரிடமிருந்து போன் வந்தது. புது ஸ்கேனில் கட்டி நினைத்ததைவிட வேகமாக வளர்ந்திருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குக் குழலி ஹில்டாவின் வாசலில் நின்றாள். வெளியே சந்தை கூடிக்கொண்டிருந்தது. அவள் கையில் மூன்று புது நோட்டு.

"வெள்ளிக்கிழமை கூப்பிட்டுட்டாங்க."

ஹில்டா அவள் உள்ளே வரக் கதவை முழுதும் திறந்தாள்.

"இனி ஒரே பாட்டை மூணு நாள் போடறதெல்லாம் ஆகாது மேடம். ஒன்பது சொல்லோட நிறுத்தறதாவும் இல்ல. இந்தச் சுவர் முழுக்கக் கேக்கணும். ஒரு தட்டுக்கு ஒரு நிமிஷம். நீங்க போட்டுக்கிட்டே இருங்க, நான் எழுதிக்கிட்டே இருக்கேன். கிடைச்ச வரைக்கும் லாபம்."

ஹில்டா மறுத்துப் பேசுவாள் என்று பதிலோடு வந்திருந்தாள் குழலி. ஹில்டா மறுக்கவில்லை. முதல் அலமாரியின் மேல் அடுக்கிலிருந்து ஆரம்பித்தாள். உறையிலிருந்து எடுப்பாள், துடைப்பாள், முள்ளை வைப்பாள், ஒரு நிமிஷத்தில் தூக்குவாள், அடுத்ததை எடுப்பாள். ராக், சினிமா, ராக், ராக், சினிமா. மதியம் குழலி ஒரு கையால் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே மறுகையால் எழுதினாள். ஹில்டா சாப்பிடவே இல்லை. தோள் வலித்தபோது கை மாற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நூற்றுத் தொண்ணூறு தட்டு ஆகியிருந்தது. மூன்று நோட்டும் நிரம்பிவிட்டன.

ஹில்டா தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். "வாசிங்க அக்கா" என்றாள்.

குழலி முதல் நோட்டைப் பிரித்தாள். ஒரு தடுக்கல் இல்லை. எங்கே கிட்டார் ஏறியது, எங்கே டிரம்ஸ் இறங்கியது, எல்லாம் இருந்தது.

"அறுபத்தோராவது?"

குழலி பக்கத்தைப் புரட்டி வாசித்தாள்.

"பாடினது ஆம்பிளையா, பொம்பளையா?"

குழலி கோடுகளைப் பார்த்தாள். கோடுகள் சரியாக இருந்தன. பாடியவர் யார் என்று நினைவுக்கு வரவில்லை.

"தொண்ணூறாவது சந்தோஷமான பாட்டா?"

குழலிக்குத் தெரியவில்லை.

ஒரு தடவை நான்கு மணி நேரம் ஒரு சாட்சியத்தை எழுதிவிட்டு வெளியே வந்தபோது, காத்திருந்த ஒரு கிழவர், 'என்னம்மா, என் மவன் என்ன சொன்னான்?' என்று கேட்டார். யார் அவர் மகன் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அதை அவள் தொழிலின் நேர்த்தி என்றுதான் எடுத்துக்கொண்டாள். இன்று அந்தக் கிழவரின் முகம் நினைவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

நோட்டை மூடப் போனவள் நிறுத்தினாள். பழைய நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். போன வாரத்துப் பக்கங்களில் எள்ளைத் தூவியது போல எங்கும் புள்ளிகள். இன்றைய பக்கங்களில் கோடுகள் மட்டும்.

"மேடம், இன்னைக்குப் போட்டதுல எதுலயும் சிம்பல் இல்லையா?"

ஹில்டா அவளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எல்லாத்துலயும் இருந்துச்சு அக்கா."

சந்தையில் யாரோ கூவிக் கூவி ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். குழலி மூன்று நோட்டையும் பைக்குள் வைத்தாள். அழுகை வரும்போல் இருந்தது. அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"நாலு சாயங்காலம் இருக்கு" என்றாள். "எந்த ஒண்ணைக் கேட்டா எல்லாத்தையும் கேட்ட மாதிரி ஆகும்? அதைக் காட்டுங்க."

ஹில்டா எழுந்தாள். நாலாயிரம் தட்டு அடுக்கியிருந்த சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியாகப் போட்டு ஒரு நிமிஷத்தில் நிறுத்திய நூற்றுத் தொண்ணூறாவது தட்டு ப்ளேயரிலேயே இருந்தது. முள்ளை எடுத்து அதன் ஆரம்பத்தில் வைத்தாள்.

"இது ஏன்?" என்றாள் குழலி.

"இது உறைக்கு வெளிய இருக்கு."

தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. இருபத்திரண்டு நிமிஷம். சற்று முன் போட்ட அந்த ஒரு நிமிஷத்தில் ஓர் ஆர்கன் வாத்தியம் முனகியது மட்டும்தான் அவளுக்குக் கிடைத்திருந்தது. அந்த ஆர்கன் நான்காம் நிமிஷத்தில் ஒதுங்கி வழிவிட்டது. கிட்டார் வந்தது. எட்டாம் நிமிஷத்தில் எல்லாரும் ஓடினார்கள். பதினொன்றில் ஒருவரும் இல்லை, பேஸ் மட்டும் தனியாக நடந்தது. பதினாறில் யாரோ மெல்லப் பாட ஆரம்பித்தார்கள், கோபமும் இல்லாமல் கெஞ்சலும் இல்லாமல். கடைசியில் எல்லாரும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார்கள்.

குழலி நோட்டை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை அதே பக்கம். செவ்வாய்க்கிழமை பாடியவரின் சொற்களில் பாதி வரவில்லை. புதன்கிழமை கிட்டார் உச்சத்துக்குப் போன இடங்களில் வெறும் இடைவெளி இருந்தது. இடைவெளியையும் அவள் கேட்டாள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வியாழக்கிழமை டிரம்ஸும் பேஸும்தான் மிச்சம். அவை முடிகிற வரை அவள் அசையவில்லை.

"இதுக்கு என்ன பேர்?" என்றாள்.

"ப்ராக்ரஸிவ்."

குழலி டிக் அடிக்கவில்லை.

"இன்னும் ஒரு வகை பாக்கி இருக்கு அக்கா. ஹெவி மெட்டல். எடுக்கட்டுமா? அது உங்களுக்கு இப்பவும் நல்லாக் கேக்கும்."

"வேணாம். இதையே இன்னொரு தடவை போடுங்க."

ஹில்டா போட்டாள்.

வெள்ளிக்கிழமை மதுரையில் சேர்ந்தாள். சனிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்னபடியே உயிர் நின்றது, செவி நிற்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் குழலி வேலைக்குத் திரும்பினாள். நகல் பிரிவில் போட்டார்கள். மற்றவர்கள் அவள் முகத்துக்கு நேரே வந்து கத்தினார்கள். "கத்தாதீங்க. வாயைத் திறந்து பேசுங்க, அது போதும்" என்றாள். இருபத்தாறு வருஷம் சாட்சிகளின் உதட்டைப் பார்த்தே எழுதியவள். முக்கால்வாசி புரிந்தது. மீதியை எழுதிக் காட்டச் சொன்னாள். யாரும் தன்னைப் பார்த்து உச்சுக்கொட்ட அவள் விடவில்லை.

தினமும் காலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த இருபத்திரண்டு நிமிஷத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வீட்டு நிறுத்தத்தில் ஆர்கன் தொடங்கும். கோர்ட் வாசலில் எல்லாரும் வந்து சேர்ந்திருப்பார்கள். ஒரு மாதம் அப்படி ஓடியது.

ஒரு நாள் எட்டாம் நிமிஷத்தில் ஓடுகிறவர்கள் வரவில்லை. மறுநாள் காத்திருந்து பிடித்துவிட்டாள். அடுத்த வாரம் மறுபடி போனது. திரும்பவில்லை. பிறகு பாடுகிற குரல் போனது. அவள் விடவில்லை. மதிய வேளையில் ஒரு தடவை, சமையல்கட்டில் ஒரு தடவை என்று நாளுக்கு மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். இழுத்து இழுத்துப் பார்க்க, இருந்ததும் நைந்துபோனது. ஒரு சனிக்கிழமை காலை ஆர்கன் இல்லை. பஸ் கோர்ட் வாசலுக்கு வந்து நின்றபோதும் உள்ளே ஒன்றும் தொடங்கியிருக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பொன்மலைக்குப் போனாள். சந்தைக்குள் புகுந்து நடந்தாள். ஆயிரம் பேர் வாய் அசைந்தது.

ஹில்டாவின் கதவு திறந்திருந்தது. அவள் மேஜையில் ஓர் ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துப் போட்டு, ஒரு கையில் சால்டரிங் கம்பியும் மறுகையில் இடுக்கியுமாகக் குனிந்திருந்தாள். பக்கத்தில் ப்ளேயர் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் குழலி முன்பு பார்த்திராத ஏதோ ஒரு தட்டு.

குழலி அவள் எதிரே போய் நின்றாள். ஹில்டா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. கை நடுவேலையில் இருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. முகவாயால் நாற்காலியைக் காட்டினாள்.

குழலி உட்காரவில்லை.

"மேடம், நான் ஒண்ணு கேக்க வந்தேன்."

தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடம் அதிர்ந்தது.

"அந்தப் பாட்டை நான் கெட்டியாப் பிடிச்சு வச்சிருந்தேன். ஒரு நாள் விடாம. அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுச்சு. முதல்ல ஓடறவங்க போனாங்க. அப்புறம் பாடறவர். நேத்து ஆர்கனும் போயிடுச்சு. நீங்க சொன்ன மாதிரிதானே கேட்டேன்? நோட்டை மூடிட்டு, முழுசா, ஒண்ணே ஒண்ணு. எல்லாம் செஞ்சேன். இப்ப உள்ளயும் ஒண்ணும் இல்ல, வெளியவும் ஒண்ணும் இல்ல." மூச்சு வாங்கினாள். "சொல்லுங்க மேடம். நான் இனிமே என்ன செய்யணும்?"

கம்பி முனையிலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. ஹில்டாவின் பார்வை ப்ளேயர் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு உதடு நன்றாகத் தெரியும்படி முகத்தைத் தூக்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"பக்கம் முடிஞ்சு தட்டு சும்மா சுத்திக்கிட்டு இருக்கு அக்கா. எனக்குக் கை ஒழியல. நீங்க திருப்பிப் போடுங்க."